சிறைவாசலில் நின்றவள்

சோற்றின் பெயரைச் சொன்னதற்காக ஒருவனை வதைத்த கதை தெரியுமா, தோழர்களே?

அங்கோலா நாட்டுக் கதை அது. சிறையிலே கிடக்கும் கணவனிடம், "உங்களுக்குக் ‘கொம்ப்ளேட்டோ’ கொண்டுவருகிறேன்" என்கிறாள் மனைவி. அம்மக்களின் பேச்சிலே அது மீனும் பயறும் சேர்ந்த சாப்பாடு. போர்த்துக்கீசிய அதிகாரியின் காதிலோ அது முழு உடுப்பு! உடுப்புக்குள்ளே இரகசியக் கடிதம் வருகிறதென்று அடிக்கிறான், உதைக்கிறான். ஏறத்தாழ 400 ஆண்டு ஆண்டவர்களுக்கு, ஆளப்பட்டவர்களின் சோற்றுப் பெயர் தெரியவில்லை. சாட்டை மட்டும் தெரிந்திருந்தது!

லுவாண்டினோ வியேரா எழுதிய இக்கதையை 1969-இல் ‘மொனங்காம்பே’ என்ற குறும்படமாக்கியவர் சாரா மால்தொரோர். அப்போது, எழுதியவரும் சிறையிலேதான் இருந்தார்.

யார் இந்தச் சாரா? 1929-இல் பிரான்சிலே பிறந்தவர். தந்தை குவாதலூப் தீவுக் கருப்பர். தாய் பிரெஞ்சுப் பெண். கருப்பர் என்றால் வேலைக்காரர் வேடந்தான் என்றிருந்த பாரிசிலே, 1956-இல் தோழர்களோடு கருப்பின நடிகர்களின் நாடகக் குழுவைக் கண்டார். மாஸ்கோவிலே திரைக்கலை பயின்றார். ‘அல்ஜியர்ஸ் போர்’ படத்திலே உதவியாளராக உழைத்தார். அங்கோலா விடுதலை இயக்கத்தை நிறுவியோரில் ஒருவரான மாரியோ தே ஆந்திராதே அவருடைய வாழ்க்கைத் துணைவர்.

பாதை பூப்பாதையா? இல்லை! கினி-பிசாவ் போராட்டத்தைப் பற்றி 1970-இல் அவர் எடுத்த படச்சுருள்களை, பணம் கொடுத்த அல்ஜீரிய இராணுவமே பறித்துக்கொண்டது. சுருள் போயிற்று, துணிவு போகவில்லை.

1972-இல் வந்தது ‘சாம்பிசாங்கா’. அங்கோலாவிலே போர் நடந்ததால், அண்டை நாடான காங்கோவிலே எடுக்கப்பட்ட படம். தோழனைக் காட்டிக்கொடுக்க மறுத்த தொழிலாளி தொமிங்கோஸ், சிறையிலே அடித்துக் கொல்லப்படுகிறான். கைக்குழந்தையை முதுகிலே சுமந்து, காவல் நிலையம் காவல் நிலையமாக நடக்கிறாள் மனைவி மரியா. "இங்கே இல்லை, அங்கே போ" என்கிறார்கள். போகிறாள். கடைசியில் அவளுக்குக் கிடைப்பது சாவுச் செய்தி.

கார்த்தேஜ் திரைப்பட விழாவிலே தங்க விருது பெற்றது அப்படம். ஆயினும், "போர் எங்கே? படம் அழகாக அல்லவா இருக்கிறது!" என்று குறை சொன்னவர்களும் உண்டு.

அழகு ஆள்வோருக்கு மட்டும் உரியதா? துப்பாக்கி ஏந்தியவன் மட்டுந்தான் போராளியா? சிறைக்குள்ளே ஒருவன் வாய் திறக்காமல் இருக்கிறான். சிறைக்கு வெளியே ஒருத்தி வாய் ஓயாமல் கேட்கிறாள். இரண்டும் போரே! முன்னவனுக்குச் சிலை எழும். பின்னவளுக்குப் பெரும்பாலும் பெயர்கூட மிஞ்சாது. அவளைத் திரையின் நடுவிலே நிறுத்தினாரே, அதுதான் சாராவின் புரட்சி!

1961 பிப்ரவரி 4-இல் லுவாண்டா சிறை தாக்கப்பட்டது. விடுதலைப் போர் மூண்டது. 1975 நவம்பர் 11-இல் அங்கோலா விடுதலை பெற்றது. 2020 ஏப்ரலில் கொரோனா நோய், 90 வயதுச் சாராவைக் கொண்டுபோயிற்று. மரியா இன்னும் திரையிலே நடந்துகொண்டிருக்கிறாள்.

விடுதலை வரலாறு எழுதுவோரே! சிறைக்குள் இருந்தவரை மட்டும் எண்ணாதீர். வாசலில் நின்றவளையும் சேர்த்து எண்ணுங்கள்!