நடைமேடையிலிருந்து: முப்பத்திரண்டு பேர்

கோடை விடுமுறை நெருங்குங்கால் நம் சங்கத்து வீடுகளில் ஒரே கேள்விதான் எழுகின்றது: பிள்ளைகளை எங்கே அனுப்புவது? ஊருக்கு அனுப்பலாமென்றால் பாட்டனார் வீடு பூட்டிக் கிடக்கின்றது, அல்லது விற்றாகிவிட்டது. வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமென்றாலோ சிகந்தராபாத்து வெயிலும் கைப்பேசியும் அவர்களைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. நம் தமிழ்ச் சபையின் இளம் போதகர் நடத்தும் கோடை முகாமைப் பற்றி எழுதுமாறு அன்பர் பலர் நம்மைக் கேட்டிருந்தனர். இதுகாறும் எழுதாமல் காலங்கடத்தினோம். அதற்கொரு காரணம் உண்டு. அதனையும் மறைக்காமல் ஈண்டுச் சொல்லிவிடுகின்றோம்.

சபையைச் சேராத நேயர்களுக்காகச் சிறிது விளக்கம். சிறுவரை விடுமுறையில் ஒன்றுகூட்டிப் பாட்டும் விளையாட்டும் வேதபாடமும் நடத்தும் வழக்கம் பழமையானது. 1867-இல் இலண்டனில் சிறுவர் கூட்டங்களைத் தொடங்கிய ஜோசையா ஸ்பையர்ஸ் என்பார், மறு ஆண்டு வேல்ஸ் நாட்டு லாண்டிட்னோ கடற்கரையில் மணலிலே வேதவாக்கியத்தைப் பெரிய எழுத்துக்களாக வரைந்து, அங்கு விளையாடிய பிள்ளைகளைக் கூழாங்கற்களாலும் சிப்பிகளாலும் அதனை அலங்கரிக்கச் செய்தாராம். 1885-இல் அமெரிக்காவில் சம்னர் டட்லி என்பார் ஒய்.எம்.சி.ஏ. சிறுவர் சிலரை அழைத்துக்கொண்டு ஏரிக்கரையில் கூடாரம் அடித்தார். 1898-இல் நியூயார்க்கில் ஹாஸ் அம்மையார், தெருவில் திரிந்த பிள்ளைகளுக்காக ஒரு பீர்க்கடை மண்டபத்தை வாடகைக்கு எடுத்து விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தினார். இச்செய்தியைப் போதகர் ஒரு ஞாயிறன்று பிரசங்கத்தில் கூறியபோது, முன்வரிசை மூப்பர் ஒருவர் முகஞ்சுளித்ததை நாம் கண்டோம். பீர்க்கடை வேண்டா, மாதா கோயில் வளாகமே போதும் என்று அவர் பின்னர் நம்மிடம் கூறினார்.

நம் போதகர் நாசரேத்துப் பக்கத்தவர். முப்பது வயது நிரம்பாதவர். எம்மை “அண்ணாச்சி” என்றே அழைப்பார். பிள்ளைகளோ அவரை “பாஸ்டர் அண்ணா” என்பர். வாலிபர் ஊழியம் என்பது கிதாரை மீட்டிப் பாடுவது மட்டுமே என்று நாம் எண்ணியிருந்தோம். அவருடன் ஓராண்டு பழகிய பின்னரே உண்மை விளங்கிற்று. வெள்ளிக்கிழமை இரவு வாலிபர் கூட்டம். சனிக்கிழமை பாடகர் பயிற்சி. ஞாயிறு இரண்டு ஆராதனை. இடையே தேர்வில் தவறிய பையனின் வீடு, வேலையின்றிக் குடித்துத் திரியும் இளைஞனின் வீடு, நள்ளிரவில் மருத்துவமனை, மறுநாள் கல்லறைத் தோட்டம். ஒருமுறை காலையில் அடக்க ஆராதனை முடித்து, மாலையில் திருமண வரவேற்பில் நகைச்சுவையாகப் பேச வேண்டியிருந்தது. “முகத்தை மாற்றிக்கொள்ளத்தான் அண்ணாச்சி நேரம் போதவில்லை” என்றார். அவருடைய ஊதியத்தை ஈண்டுக் கூறுவது முறையன்று. நம் அலுவலகத்துக் கடைநிலை ஊழியரும் அதனைக் கேட்டால் வியப்பார் என்பதோடு நிறுத்துகின்றோம்.

அவருக்குள்ள பெருங்கவலை மொழி. நம் பிள்ளைகள் தமிழ் பேசுவர், படிக்க அறியார். பாட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் படம் பார்ப்பதுபோல் பார்ப்பர். ஆகவே அவர் ஒவ்வொரு பாட்டையும் மூன்று எழுத்தில் அச்சிட்டார்: தமிழ், தெலுங்கு, ஆங்கிலம். முகாமின் இறுதி நாளில் தமிழ் எழுத்துத் தாளை மட்டும் கொடுப்பார். அதற்குள் பாட்டு மனப்பாடமாகி இருக்கும். மனப்பாடமானதைக் கண்ணால் தேடித் தேடி எழுத்துக்களை அறிந்துகொள்வர். நம் மகன் ழகரத்தைக் கற்றது இவ்வழியிலேதான். நம் வீட்டு மிரட்டல்களால் அன்று.

2023-ஆம் ஆண்டு மே மாதம் வாரங்கல் பக்கத்து விடுதிப் பள்ளியொன்றில் ஐந்து நாள் முகாம் நடைபெற்றது. பிள்ளைகள் முப்பத்திரண்டு பேர். சமையலுக்கு இரு தாய்மார். உதவிக்கு மூன்று வாலிபர். பயணக் காரியங்களுக்கு நாம். இருப்புப்பாதை எழுத்தன் ஒருவன் சபையில் இருந்தால் அவனுக்கு இப்பணி தானே வந்து சேரும். வெயிலின் கொடுமை சொல்லுந்தரமன்று. காலை ஐந்தரைக்கு எழுந்து, பதினொன்றுக்குள் பாடமும் விளையாட்டும் முடித்து, மாலை நான்கு மணிவரை புளியமரத்தடியிலும் கூடத்திலும் பொழுதைக் கழித்தோம். முதலிரவு ஏழு பிள்ளைகள் வீட்டை நினைத்து அழுதனர். போதகர் விளக்கை அணைக்காமல் அவர்கள் நடுவே பாய் விரித்துப் படுத்துக்கொண்டார். இரண்டாமிரவு இருவர் அழுதனர். அதன்பின் எவரும் அழவில்லை.

நான்காம் நாள் டோர்ணக்கல்லுக்குப் பயணம். ரயில்வேயில் இருப்போர் அவ்வூரைச் சந்திப்பு நிலையமாகவே அறிவர். ஆயினும் தமிழர்க்கு அவ்வூரோடு வேறோர் உறவும் உண்டு. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1895-இல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகித் தென்னாட்டு இளைஞரிடையே ஊர் ஊராகச் சுற்றியவர். இக்காலச் சொல்லில் கூறினால் அவரும் ஒரு வாலிபர் ஊழியரே. 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தோன்றக் காரணராய் இருந்தார். 1909-இல், நிஜாம் ஆட்சியில் இருந்த டோர்ணக்கல்லுக்குத் தாமே சென்றார். தெலுங்கு கற்றார். 1912 டிசம்பரில் கல்கத்தாவில் பேராயராகத் திருநிலை பெற்றார். ஆங்கிலிக்கத் திருச்சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. அவர் எழுப்பிய பேராலயம் 1939 ஜனவரியில் பிரதிட்டை செய்யப்பட்டது. கோயில் தூணும் மசூதிக் குவிமாடமும் கலந்த அமைப்பு. வெளியே நெருப்பாய்க் கொதித்தது. உள்ளே கால்வைத்ததும் பிள்ளைகள் தரையில் கன்னத்தை ஒற்றிக்கொண்டனர். போதகர் சரித்திரம் சொன்னார். அவர்கள் எவ்வளவு கேட்டனரோ அறியோம். தூண்களை மட்டும் ஓடியோடித் தொட்டனர்.

மாலையில் திரும்பும் பாசஞ்சர் வண்டி காலந்தாழ்த்து வந்தது. நடைமேடையில் கூட்டம் மிகுதி. பாதிப் பிள்ளைகள் போதகரோடு முன்பெட்டியிலும் மீதிப்பேர் நம்மோடு பின்பெட்டியிலும் ஏறினர். போதகர் தம் பதினாறு பேரை எண்ணிவிட்டு, “அண்ணாச்சி, உங்கள் கணக்கு?” என்று கூவினார். நாம் எண்ணினோம். “பதினாறு!” என்றோம். வண்டி புறப்பட்டது.

வழியில் பிஸ்கட் பொட்டலங்களைப் பகிர்ந்தோம். முன்பெட்டிப் பையன் ஒருவன் நம் பெட்டியில் அமர்ந்து கைநீட்டினான். தன் அண்ணனோடு அமர விரும்பி, கடைசி நொடியில் இறங்கி ஓடிவந்து ஏறியவன் அவன். நாம் அவனையும் சேர்த்தே பதினாறு எண்ணியிருந்தோம். அப்படியாயின் நம்முடைய பதினாறாமவன் எங்கே? பெயர்ப் பட்டியல் நம் சட்டைப் பையிலேயே இருந்தது. எடுத்துப் படிக்கக் கைநடுங்கிற்று. பத்து வயதுப் பையன் ஒருவன் இல்லை. தண்ணீர்க் குழாயடிக்குச் சென்றவன் திரும்பவில்லை. நாள் முழுதும் எண்களோடு பிழைக்கும் நாம் தலைகளை எண்ணினோமேயன்றிப் பெயர்களை அழைக்கவில்லை.

கைப்பேசியில் போதகருக்குச் சொன்னோம். அடுத்த நிலையத்தில் வண்டி முற்றும் நிற்குமுன்னரே அவர் இறங்கினார். நாம் நமக்குத் தெரிந்தவர் வாயிலாக டோர்ணக்கல் நிலையத்தைத் தொடர்புகொண்டோம். மறுமொழி வரும்வரை கழிந்த நேரத்தைக் கடிகாரம் இருபது நிமிடம் என்றே காட்டியது. பையன் தேநீர் விற்பவர் ஒருவரின் அருகே அமர்ந்திருந்தான். நடந்ததைத் தெலுங்கில் தெளிவாகச் சொல்லி, “அண்ணன் வருவார், நான் இங்கிருந்து நகரமாட்டேன்” என்று பிடிவாதமாக இருந்தானாம். நம் பிள்ளைகள் தெலுங்கில் சிந்திக்கின்றனர் என்று இதே பகுதியில் ஒருமுறை வருந்தி எழுதியிருந்தோம். அவ்வரிகள் அன்றிரவு நம் நினைவுக்கு வந்தன.

இரவு பத்தரைக்கு மேல் போதகர் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். பையன் உறங்கிவிட்டிருந்தான். “பிள்ளை நலமாக வந்துவிட்டான், தகப்பனாருக்கு இப்போது சொல்ல வேண்டுமா?” என்று உதவிக்கு வந்த வாலிபர் ஒருவர் கேட்டார். உண்மையைக் கூறின், நாமும் அவ்வாறே நினைத்தோம். போதகர் நம்மைப் பார்த்தார். “நம்பி அனுப்பியவர் அறியாமல் நான் எப்படி உறங்குவேன், அண்ணாச்சி?” என்று சொல்லி அப்போதே அழைத்துச் சொன்னார். மறுநாள் காலை தகப்பனார் வந்தார். ஒரு கடுஞ்சொல்லும் கூறவில்லை. பையனின் பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு சென்றார். திட்டியிருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஜூன் மாதம் சபைக் கமிட்டி கூடிற்று. நாமும் அதில் ஓர் உறுப்பினர். எண்ணியது யார் என்று மூப்பர் ஒருவர் கேட்டார். “முகாம் என் பொறுப்பு, ஐயா. பிழையும் என்னுடையதே” என்றார் போதகர். நம் பக்கம் திரும்பவும் இல்லை. நாம் வாய் திறக்கவில்லை. அக்கூட்டம் இனி முகாம் வேண்டா என்று தீர்மானித்து, போதகரைக் கண்டித்து ஒரு வரியைக் குறிப்பேட்டிலும் எழுதிற்று. அவ்வரியை எழுதியவர் கமிட்டியின் செயலாளர். செவ்வனே எழுதப்பட்டுள்ளதா என்று சரிபார்த்துக் கையொப்பமிட்டவர்களுள் நாமும் ஒருவர்.

வீட்டுக்கு வந்து உணவு கொள்ளாமல் படுத்தோம். மூன்றாம் நாள் நம் இல்லாள் காரணம் கேட்டாள், சொன்னோம். “அந்தத் தம்பி உங்களைவிடப் பத்து வயது இளையவர்” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்த கூட்டம் ஒரு திங்கள் கழித்தே வந்தது. அத்திங்கள் முழுதும் போதகர் நம்மிடம் எப்போதும்போலவே பேசினார்; நம் மகனின் தேர்வைப் பற்றி விசாரித்தார். கூட்டத்தில் எழுந்து, எண்ணியவர் நாமே என்றும், பட்டியல் நம் பையில் இருந்தது என்றும், சென்ற கூட்டத்தில் பேசாதிருந்தோம் என்றும் எழுத்து மூலம் கொடுத்தோம். சிலர் அதனை வேண்டாத வேலை என்றனர். மூப்பர் நெடுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டன வரியின் கீழ் நம் கடிதத்தையும் சேர்க்கச் சொன்னார். வரியை அடிக்கச் சொல்லவில்லை. 2024-இல் முகாமுக்கு இசைவு கிடைத்தது. ஆயினும் மாதா கோயில் வளாகத்திற்குள், பகலில் மட்டும். பாயும் கூடாரமும் இல்லாத முகாம் பிள்ளைகளுக்குச் சுவைக்கவில்லை. போதகரும் அதனை ஒப்புக்கொண்டார்.

இவ்வாண்டு மீண்டும் ஐந்து நாள் வெளியூர் முகாமுக்கு இசைவு கிடைத்துள்ளது. சில நிபந்தனைகள் உண்டு: எட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர், வண்டியில் ஏறுமுன்னும் ஏறியபின்னும் பெயர் சொல்லி அழைத்தல், ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் தகப்பனாரின் எண் எழுதிய அட்டை. பெயர்ப் பதிவு நம்மிடம். சங்கத்துப் பிள்ளைகள் எச்சமயத்தவராயினும் வரலாம். வேதபாட வேளையில் அமர விரும்பாதோர்க்கு நூலக அறை உண்டு. அலுவலக நேரத்தில் நம்மைத் தேடி வரற்க. மாலை ஆறுக்குமேல் வீட்டுக்கு வருக.

நேற்றுவரை இருபத்தேழு பெயர்கள் சேர்ந்துள்ளன. இருபத்தேழாவதைத் தகப்பனாரே தம் கையால் எழுதினார். பையனுக்கு இப்போது மீசை அரும்புகின்றது, வாசலில் நின்றவன் நம்மைக் கண்டு, “இந்த முறையும் நீங்கள்தான் எண்ணுகிறீர்களா, மாமா?” என்று கேட்டான்.