கோமாரியும் கணக்கும்

கோமாரி நோயையும் கன்றுவீச்சு நோயையும் ஒழிக்கவென மத்திய சர்க்கார் 2019-இல் 12,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டமொன்றைத் தொடங்கியது. மாட்டின் காதிலே 12 இலக்க வில்லை! அதற்கும் கணக்கெண் வந்துவிட்டது.

பற்றுச்சீட்டு சரியாயிருந்தால் போதுமா? குளிர் காக்கப்படாத மருந்து, ஊசி ஏறினும் நோயைத் தடுக்காது. ஆதலின் தணிக்கை தொழுவம் வரை செல்ல வேண்டும் என்போம்.

உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையிலன்றித் தலைமைக் கணக்குத் தணிக்கையரை நீக்கவொண்ணாது. அத்துணைக் காப்பளித்த அரசியலமைப்பு, அவரது அறிக்கையை எத்தனை நாளுக்குள் நாடாளுமன்றத்தில் வைக்கவேண்டும் என்பதை மட்டும் 151-ஆம் பிரிவில் கூறாது விட்டது. மாட்டை இழந்தபின் வரும் அறிக்கையால் உழவர்க்கு என்ன பயன்? நாள் வரையறை வேண்டுமென நம் தொகுதி உறுப்பினரை நாம் கேட்போம்.