பாலத்தின் நாடி

தோழா! காய்ச்சலை அளக்க ஊருக்கோர் அளவுகோலா வைத்திருக்கிறோம்? பாலத்தின் நோய்க்கு மட்டும் நாட்டுக்கு நாடு, துறைக்குத் துறை வெவ்வேறு அளவு ஏன்?

இத்தாலியின் ஜெனோவா நகரில், 1967-இல் திறக்கப்பட்ட மொராண்டி பாலத்தை எண்ணிப்பார்! தாங்கி நின்ற எஃகு வடங்களைக் காங்கிரீட் போர்த்தியிருந்தது. உள்ளே அரித்த துரு கண்ணுக்குத் தெரியவில்லை. 1990களின் தொடக்கத்தில் ஒரு கோபுரத்தின் வடங்களுக்கு வலுவூட்டினர். இன்னொன்றை அவ்வாறு காக்கவில்லை. காக்கப்படாததே 2018 ஆகஸ்டு 14 அன்று வீழ்ந்தது. மாண்டவை 43 உயிர்கள்! 2020-இல்தான் பாலங்களைத் தரம்பிரித்துக் கண்காணிக்கப் பொது நெறிமுறை வகுத்தது அந்நாடு.

அதிர்வை அளக்கக் கருவி உண்டு. எந்த அளவு அபாயம், எவர் படிப்பது, எவர் பாலத்தை மூடுவது என்று முன்னரே வரையறுக்காவிடில், கருவி கதறினாலும் கேட்க நாதியில்லை. கருவி வாங்கினோமென மார்தட்டுவோரைக் கேள்: பொது அளவுகோல் எங்கே? பிணங்களை எண்ணுமுன் அதிர்வுகளை எண்ணும் சட்டம் எங்கே?