சமாதானம் செய்ய அழைக்கப்பட்டவர்கள் நாம்



2017ஆம் ஆண்டு மே மாதத்தின் இறுதி நாட்களில் எமது நாட்டின் தென்மேற்குப் பகுதிகளைப் பெருவெள்ளமும் மண்சரிவும் தாக்கின. இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்பொழுது நான் வடபகுதிப் பங்கு ஒன்றில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். ஞாயிறு திருப்பலியின் முடிவில், பாதிக்கப்பட்ட மக்களுக்காக அரிசி, பருப்பு, உடுபுடைவை என்பவற்றைச் சேகரிக்கவிருப்பதாக அறிவித்தேன். மக்கள் கலைந்து சென்ற பின்னர், ஒரு தந்தை கோவில் முற்றத்தில் எனக்காகக் காத்து நின்றார். இறுதி யுத்தத்தில் மூத்த மகனைப் பறிகொடுத்தவர் அவர். "சுவாமி, குறை நினைக்க வேண்டாம். 2009இல் நாங்கள் பதுங்குகுழிக்குள் பட்டினி கிடந்தபோது எங்களுக்காக எந்த ஊரில் அரிசி சேர்த்தார்கள்? எங்களைப் போன்ற ஏழைச் சனங்கள் நாலு கொத்து அரிசி கொடுத்து இந்த நாட்டில் எதைத்தான் மாற்றப்போகிறோம்?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் இரண்டு கேள்விகள் இருந்தன. நாம் ஏன் செய்ய வேண்டும் என்பது ஒன்று. எம்மைப் போன்றவர்களால் என்ன செய்ய முடியும் என்பது மற்றையது. அன்று அவருக்கு விடை கூற எனக்கு நா எழவில்லை. உங்கள் இல்லங்களிலும் இக்கேள்விகள் எழுந்திருக்கும் என்பதனால், அவற்றை இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விழைகின்றேன்.

மலைப்பொழிவிலே ஆண்டவர் பேறுபெற்றோர் எனப் போற்றியவர்களுள் சமாதானத்தை ஏற்படுத்துவோரும் அடங்குவர். சமாதானத்தை விரும்புவோர் என்றோ, அதற்காகக் காத்திருப்போர் என்றோ அவர் கூறவில்லை. விரும்பாதவர் எவருமில்லை, ஆயுதம் ஏந்தியவரும் தாம் சமாதானத்தையே விரும்புவதாகக் கூறுவர். ஏற்படுத்துவதற்கோ கையும் காலும் அசைய வேண்டும். ஆண்டவர் இவ்வார்த்தைகளை அரசர்களின் சபையில் உரைக்கவில்லை. மீனவரும் உழவரும் நோயாளரும் கூடியிருந்த மலைச்சரிவிலேதான் உரைத்தார். ஆகவே சமாதானப் பணி முதன்முதலில் ஒப்படைக்கப்பட்டது சாதாரண மக்களிடமே. திருத்தந்தை 23ஆம் அருளப்பர் 1963ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் உலக அமைதி பற்றிய தமது சுற்றுமடலை வெளியிட்டபோது, கத்தோலிக்கருக்கு மட்டுமன்றி நல்மனம் கொண்ட மாந்தர் அனைவருக்குமே அதனை விடுத்தார் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

இனி, இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். எம்மால் என்ன செய்ய முடியும்?

1968ஆம் ஆண்டிலே உரோமாபுரியில் பாடசாலை மாணவர்கள் சிலர் ஒன்றுகூடி நற்செய்தியை வாசிக்கத் தொடங்கினர். அவர்களை ஒன்றுசேர்த்த அந்திரேயா ரிக்கார்தி அப்பொழுது இருபது வயதையும் எட்டாத இளைஞர். வாசித்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. நகரின் எல்லையில், தகரமும் பலகையும் கொண்டு அமைக்கப்பட்ட குடிசைகளில் வாழ்ந்த ஏழைகளைத் தேடிச் சென்றனர். அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பிற்பகல் வேளைகளில் பாடம் சொல்லிக் கொடுத்தனர். பின்னர் திராஸ்தேவரே என்னும் பகுதியில் சாந்த் எஜிதியோ என்ற பழைய கன்னியர் மடத்தில் கூடிச் செபிக்கலாயினர். அதனால் அவர்களது குழுமத்துக்கு அப்பெயரே வழங்கலாயிற்று. அவர்களுள் பெரும்பாலானோர் பொதுநிலையினர். பகலில் தத்தம் தொழிலைப் பார்த்து, ஓய்வு நேரத்தில் ஊதியமின்றித் தொண்டு செய்தவர்கள்.

இக்குழுமத்தினர் ஆபிரிக்காவின் மொசாம்பிக் நாட்டைச் சேர்ந்த ஒரு குருவுடன் நட்புக் கொண்டனர். உரோமையிலே கல்வி கற்ற ஜைமே கொன்சால்வெஸ் என்ற அக்குரு பின்னர் பெய்ரா மறைமாவட்டத்தின் ஆயரானார். 1975இல் போர்த்துக்கேயரிடமிருந்து விடுதலை பெற்ற அந்நாடு, ஈராண்டுகளுக்குள் உள்நாட்டு யுத்தத்தில் அகப்பட்டது. பிரெலிமோ கட்சியின் அரசாங்கமும் ரெனாமோ கிளர்ச்சியாளரும் மோதிக்கொண்ட பதினைந்து ஆண்டுகளில் யுத்தத்தாலும் பட்டினியாலும் ஏறக்குறைய பத்து இலட்சம் பேர் மடிந்தனர். இலட்சோப இலட்சம் மக்கள் இடம்பெயர்ந்தனர். தமது நண்பரான ஆயரின் மக்கள் பசியால் வாடுவதை அறிந்த உரோமை நண்பர்கள், உணவும் மருந்தும் சேகரித்து அனுப்பினர். இந்த அளவில் அவர்களும் எமது பங்குகளில் நிவாரணப் பொதி கட்டுகின்றவர்களைப் போன்றவர்களே.

ஆனால் அவர்கள் ஓர் உண்மையைக் கண்டுகொண்டனர். யுத்தம் தொடரும்வரை எத்தனை மூடை அரிசி அனுப்பினாலும் பசி தீராது. பசித்தவனுக்கு உணவு கொடுத்த கை, அவனுடைய பசிக்கான காரணத்தையும் தொடத்தான் வேண்டும். ஆகவே இரு தரப்பினரோடும் பேசத் துணிந்தனர். காட்டுக்குள் இருந்த கிளர்ச்சியாளரின் தலைவரை ஆயர் கொன்சால்வெஸ் தாமே சென்று சந்தித்தார். 1990ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், முன்பு கன்னியர் மடமாயிருந்த அந்தக் கட்டடத்தில் இரு தரப்பினரும் முதன்முறையாக நேருக்கு நேர் அமர்ந்தனர். பேராசிரியர் ரிக்கார்தி, மத்தேயோ சூப்பி என்ற இளங்குரு, ஆயர் கொன்சால்வெஸ், இத்தாலிய அரசின் சார்பில் மாரியோ ரஃபாயெல்லி ஆகிய நால்வரும் நடுவர்களாயினர். தாம் ஒரே மொசாம்பிக் குடும்பத்தின் பிள்ளைகள் என்பதை இரு தரப்பினரும் அந்த முதற் சந்திப்பின் கூட்டறிக்கையிலேயே ஏற்றுக்கொண்டனர்.

அதன்பின் இருபத்தேழு மாதங்கள் சென்றன. பேச்சு பலமுறை தடைப்பட்டது, மீண்டும் தொடங்கியது. அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ்குவின் திருநாளாகிய 1992 அக்டோபர் 4ஆம் நாளன்று ஜனாதிபதி ஜோவாக்கிம் சிசானோவும் ரெனாமோ தலைவர் அபோன்சோ தலகாமாவும் உரோமையில் சமாதான உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். இந்த நண்பர்களிடம் படை இருக்கவில்லை. மிரட்டக்கூடிய பணபலமும் இருக்கவில்லை. ஆயினும் நீண்டகால நட்பும் பொறுமையும் அவர்களிடம் இருந்தன. அவர்கள் தமக்கென ஆதாயம் எதனையும் தேடவில்லை என்பதை இரு தரப்பினரும் அறிந்திருந்தனர். அன்றைய இளங்குரு சூப்பி இன்று கர்தினாலாக இருக்கின்றார். 2023இல் உக்ரேன் யுத்தம் தொடர்பான சமாதானப் பணியைத் திருத்தந்தை பிரான்சிஸ் அவரிடமே ஒப்படைத்தார்.

இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் நாம் மறைக்கலாகாது. 2013இல் மொசாம்பிக்கில் மீண்டும் மோதல்கள் தலைதூக்கின. 2019 ஆகஸ்டில் புதியதோர் உடன்படிக்கை தேவைப்பட்டது. 2017இலிருந்து நாட்டின் வட மாகாணமான காபோ தெல்காதோவில் வேறொரு வன்முறையும் மக்களை வதைத்து வருகின்றது. சமாதானம் ஓலையால் வேய்ந்த வீட்டைப் போன்றது. உரிய காலத்தில் புதிதாக வேயாவிட்டால் மழை உள்ளே வரும். அதற்காக, முதன்முதலில் வேய்ந்தவர்களின் உழைப்பு வீணென்று எவரும் கூறுவதில்லை.

இனி, அத்தந்தையின் முதலாவது கேள்விக்கு வருவோம். எமக்கு உதவாதவர்களுக்கு, எம்மை நோகச் செய்தவர்களின் பக்கத்தவர்க்கு, நாம் ஏன் உதவ வேண்டும்? இதுவே கடினமான கேள்வி.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரான்ஸ் நாட்டிலே யூத மக்கள் பிடிக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டனர். 1942 ஆகஸ்டில் மொந்தோபான் மறைமாவட்ட ஆயர் பியேர்-மரி தேயா இக்கொடுமையைக் கண்டித்து மேய்ப்புப்பணிக் கடிதமொன்றை எழுதினார். தபாலில் அனுப்பினால் அதிகாரிகள் பறித்துக்கொள்வார்கள் என்ற நிலையில், மாரி-ரோஸ் ஜினெஸ்ட் என்ற சமூக சேவையாளரான பெண்மணி அதனை எடுத்துச் செல்ல முன்வந்தார். தமது துவிச்சக்கரவண்டியில் ஏறி, நாட்கணக்காக ஊர் ஊராகச் சென்று, பங்குக் குருக்களின் கைகளில் கடிதத்தைச் சேர்ப்பித்தார். ஆகஸ்ட் 30ஆம் திகதி ஞாயிறன்று கோவில்களில் அது வாசிக்கப்பட்டது. எரிபொருளின்றித் துவிச்சக்கரவண்டியிலேயே நோயாளியையும் விறகையும் கொண்டு சென்ற காலத்தை அறிந்த எமக்கு, அப்பெண்மணியின் துணிவும் களைப்பும் நன்கு விளங்கும். யூத மக்கள் அவருடைய உறவினரல்லர், அவருடைய மதத்தவருமல்லர். துன்புறுகின்ற மனிதர் என்பதே அவருக்குப் போதுமாயிருந்தது.

1944இல் ஆயர் தேயாவும் கைது செய்யப்பட்டுத் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே தம்மோடு இருந்த கைதிகளிடம், தம்மைச் சிறைவைத்தவர்களுக்காகவும் செபிக்குமாறு அவர் கேட்டுக்கொண்டார். அதே காலப்பகுதியில் மார்த் டோர்டெல்-குளோடோ என்ற ஆசிரியை ஜெர்மனிய மக்களுக்காகச் செபிக்க வேண்டும் என்ற ஏவுதலை உள்ளத்தில் பெற்றார். குடும்பத் தலைவியான அவர், எதிரி என்று அனைவரும் சொன்ன மக்களுக்காக, அதுவும் யுத்தம் முடிவடையும் முன்னரே செபிக்க விரும்பினார். இவ்விருவரும் இணைந்து 1945இல் தொடங்கிய செப முயற்சியே பக்ஸ் கிறிஸ்தி என்ற உலகளாவிய கத்தோலிக்க சமாதான இயக்கமாக வளர்ந்தது. அப்பெயர் 'கிறிஸ்துவின் சமாதானம்' எனப் பொருள்படும்.

அன்பர்களே, இங்கு ஓர் ஒழுங்கினைக் கவனியுங்கள். ஆயர் தேயா முதலில் அநீதியை அநீதி என்று பகிரங்கமாகக் கூறினார். அதன் பின்னரே அநீதி இழைத்தவர்களுக்காகச் செபித்தார். உண்மையை விழுங்கிவிட்டு மன்னிப்பைப் பேசவில்லை. மன்னிப்பை மறுத்துவிட்டு உண்மையை மட்டும் பேசவுமில்லை. கிறிஸ்தவ மன்னிப்பு வாயடைத்து வைக்கும் மருந்தன்று. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி முதல் கிளிநொச்சியில் தெருவோரம் அமர்ந்து, காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகள் எங்கே என்று கேட்ட தாய்மாரும் சமாதானப் பணி செய்தவர்களே. நீதியின்றி நிலைக்கும் சமாதானம் இல்லை என்பதைத் திருச்சபை திரும்பத் திரும்பப் போதித்து வந்துள்ளது. ஆகவே தென்பகுதியில் வெள்ளத்தில் அகப்பட்ட பிள்ளைக்கு உணவு அனுப்புவதனால் எமது பிள்ளையைப் பற்றிய கேள்வியை நாம் கைவிட்டவர்கள் ஆகமாட்டோம். நல்ல சமாரியன் உவமையை மீண்டும் வாசித்துப் பாருங்கள். யூதரும் சமாரியரும் பகைமை பாராட்டி வந்தனர். அப்பகைமையின் காரணங்கள் எவையும் அந்த எரிக்கோ பாதையில் தீர்க்கப்படவில்லை. ஆயினும் காயங்கள் கட்டப்பட்டன. ஓர் உயிர் பிழைத்தது.

அவ்வாறாயின் எமது குடும்பங்கள் இன்று செய்யக்கூடியவை எவை? மூன்றினை மட்டும் முன்வைக்கின்றேன்.

முதலாவதாக, உதவி செய்யும்போது சற்று அமர்ந்திருங்கள். வின்சென்ட் டி போல் சபையினூடாகவோ அன்பியத்தினூடாகவோ ஒரு வீட்டுக்கு உணவுப் பொதி கொண்டு செல்வோர், வாசலில் அதனைக் கொடுத்துவிட்டுத் திரும்பாமல், அவ்வீட்டாரின் கதையைக் கேளுங்கள். ஏன் இந்நிலை வந்தது என்று கேட்கின்றவரே நாளை அந்நிலையை மாற்ற முயல்வார். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் உங்கள் பங்கிலும் இருப்பார்கள். ஒரு மாலைப் பொழுதேனும் அவர்களோடு இருங்கள்.

இரண்டாவதாக, எல்லையைத் தாண்டுங்கள். உங்கள் ஊரிலுள்ள சைவ, இஸ்லாமிய, பௌத்த அயலவர்களோடு சேர்ந்து ஒரு சிரமதானத்தையோ இரத்ததான முகாமையோ நடத்துங்கள். வேற்றினத்தவரை இழிவாகக் குறிக்கும் சொற்களைப் பிள்ளைகள் முதலில் கேட்பது பெரும்பாலும் வீட்டிலேதான். அச்சொற்களை உங்கள் வீட்டிலிருந்து அகற்றுங்கள். 2019 ஏப்ரல் 21ஆம் நாள் உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் எமது உறவுகளின் குருதி சிந்தப்பட்ட பின்னர் இது இன்னும் கடினமாயிற்று என்பதை நான் அறிவேன். கடினமானதனாலேயே இது எம்மிடம் கேட்கப்படுகின்றது.

மூன்றாவதாக, குடும்பச் செபமாலையின் ஒரு பத்துமணியை உங்களை நோகச் செய்தவர்களுக்காக ஒப்புக்கொடுங்கள். மனம் இசையாதிருக்கலாம். மனம் இசையும்வரை காத்திராமல், வாயால் தொடங்குங்கள். உள்ளம் மெல்ல மெல்லப் பின்தொடரும்.

அந்தத் தந்தையைப் பற்றிக் கூறி நிறைவு செய்கின்றேன். அன்று மாலை அவருடைய மனைவி ஒரு பையில் அரிசியுடன் குருமனைக்கு வந்தார். "அவர்தான் தந்துவிட்டவர், சுவாமி. ஆனால் தன்னுடைய கேள்வி அப்படியேதான் இருக்கிறது என்று உங்களிடம் சொல்லச் சொன்னவர்" என்றார். நான் அந்த அரிசியை வாங்கி ஏனைய பொதிகளோடு வைத்தேன். அக்கேள்வியை எனது செபத்தில் வைத்துக்கொண்டேன். இன்றுவரை அது அங்கேயே இருக்கின்றது. கொடுப்பதற்கு அரிசியும் கேட்பதற்கு நியாயமான கேள்வியும் கொண்ட அந்த மனிதரிடம், நான் பலமுறை மறையுரையாற்றியும் விளங்கிக்கொள்ளாத சமாதானத்தை அன்று கண்டேன்.

சமாதானத்தின் ஆண்டவர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. பசித்தவருக்குக் கொடுக்கும் கைகளையும், உண்மையைக் கேட்கும் துணிவையும், அயலவரை நாடிச் செல்லும் கால்களையும் உங்களுக்கு அருள்வாராக. ஆமென்.