முதியோருக்கு ஒரு வரிசைப் போஞ்சி

வெலிமடை, பண்டாரவளைக் கமக்காரர் போஞ்சியைப் பிஞ்சிலேயே பறித்துச் சந்தைக்கு அனுப்புகின்றனர். பணம் வருகிறது; குற்றமில்லை. ஆயினும் வீட்டிலும் தோட்டத்து லயங்களிலும் முதியோர் பலர் ரொட்டி, சம்பல், தேநீரோடு நாளைக் கழிப்பது தகாது. புரதம் குறைந்தால் தசை நலியும். மலைச்சரிவில் ஏறியிறங்கும் கால் தளரும். 50 கிலோ எடையுள்ள முதியவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம் புரதமேனும் வேண்டும். 100 கிராம் பச்சைப் போஞ்சியில் 2 கிராமளவே உண்டு. முற்றி உலர்ந்த விதையிலோ ஏறக்குறைய 21 கிராம். ஆகவே ஒரு வரிசையையேனும் பறியாது முற்றவிடுதல் நன்று. அவ்விதையை இரவு முழுவதும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் கொதிக்கவைத்து நன்கு அவித்தல் வேண்டும். அரைவேக்காடு வயிற்றைக் கெடுக்கும். பல்லில்லாதோருக்கு மசித்துச் சோற்றுடன் கொடுக்கலாம். சிறுநீரக நோயுடையோர் வைத்தியரைக் கேட்டே உண்ணல் வேண்டும். மகியங்கனைப் பக்கத்து நெற்கமக்காரருக்கோ பயறு எளிது: பெரும்போகத்திற்கும் சிறுபோகத்திற்கும் இடையே இரண்டு மாதமளவில் விளைந்துவிடும்.