புள்ளிப் பட்டியலில் ஓடைக்கும் ஓர் இடம்

கார்வேட்டிநகரம் என்றால் சங்கீத ரசிகர்களுக்குக் கோவிந்தசாமய்யா, கூவனசாமய்யா சகோதரர்களின் வர்ணங்களும், வேணுகோபால சுவாமியை நாயகனாக வைத்துச் சாரங்கபாணி இயற்றிய பதங்களும் நினைவுக்கு வரும். பழைய வட ஆற்காட்டு ஜில்லாவின் சரித்திரம் படித்தவர்களுக்குப் பொம்மராஜு வம்சத்து ஜமீனும் ஸ்கந்த புஷ்கரிணி என்னும் பெரிய திருக்குளமும் நினைவுக்கு வரும். கால்பந்து யாருக்கும் நினைவுக்கு வராது. அப்படியிருந்தும், உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் சமூக விளையாட்டுப் பணியாளர்களுக்கும் உரிய இவ்விதழ் இம்முறை அவ்வூரை எடுத்துக்கொண்டு பேசுவதற்குக் காரணம், அங்கே ஓடும் ஜலம்.

கார்வேட்டிநகர மண்டலத்தில் கிருஷ்ணாபுரம் நீர்த்தேக்கத்தைத் தாங்கி நிற்கும் குசஸ்தலி ஆறுதான், பள்ளிப்பட்டைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்ததும் கொசஸ்தலையாறு என்று பெயர் பெற்று, 1944ஆம் வருஷம் கட்டி முடிந்த பூண்டி ஏரியில் தங்கிச் சென்னைவாசிகளின் தாகத்தைத் தணித்து, மிச்சமுள்ள நீரோடு எண்ணூர்க் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி எல்லைத் திருத்தம் அமலுக்கு வந்து திருத்தணிப் பக்கம் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது கார்வேட்டிநகரம் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது. ஆனாலும் 2021 நவம்பரில் கிருஷ்ணாபுரத்து மதகுகள் திறக்கப்பட்டபோது பள்ளிப்பட்டுத் தரைப்பாலங்கள் வெள்ளத்தில் மூழ்கியதை அவ்வட்டாரத்தார் இன்னும் மறந்திருக்கமாட்டார்கள். மேலே ஓடையில் எறியப்படும் ஒரு தண்ணீர்ப் பாக்கெட், நல்ல மழை பெய்த வருஷத்தில், பூண்டி வரையிலும் போவதற்கு வழி இருக்கிறது.

இந்த ஆற்றின் கடைக்கோடிப் பக்கத்தில்தான், வடசென்னையில், தமிழ்நாட்டுக் கால்பந்தின் விளைநிலங்களில் ஒன்றான வியாசர்பாடி இருக்கிறது என்பது யோசிக்கத்தக்க பொருத்தம். முல்லை நகர் மைதானத்தில் ஆடி வளர்ந்த சிறுவர்கள் மாநில அணிகளுக்கும் பெரிய கழகங்களுக்கும் போயிருக்கிறார்கள். இந்திய அணிக்கும் சென்னையின் எப்.சி.க்கும் ஆடிய தனபால் கணேஷ் அந்தப் பேட்டையைச் சேர்ந்தவர். அதே மைதானத்துக்கு அருகில்தான் நகரத்தின் பாதிக் குப்பையைப் பல பத்தாண்டுகளாகச் சுமந்து நிற்கும் கொடுங்கையூர் மேடும் இருக்கிறது. அதன் புகையைச் சுவாசித்துக்கொண்டே பந்தை உதைக்கும் பிள்ளைக்குச் சுற்றுச்சூழலைப் பற்றி உபந்நியாசம் செய்யப் போகிறவர், என்ன சொல்லப் போகிறோம் என்பதைப் போகும் வழியிலேயே ஒருமுறை யோசித்துக்கொள்வது நல்லது.

உபந்நியாசத்துக்கு நம்மிடம் ஒருபோதும் பஞ்சமில்லை. ஜூன் 5ஆம் தேதி உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று பள்ளி மைதானத்தில் பிளெக்ஸ் பேனர் கட்டி, பிரமுகரை வரவழைத்து, உறுதிமொழி எடுத்து, மரக்கன்று ஒன்றை நட்டுப் படம் பிடித்து, பிறகு ஒரு நட்புமுறை ஆட்டம் நடத்தி முடிப்பது நமது டிரில் மாஸ்டர்கள் அனைவரும் மனப்பாடமாக அறிந்த சம்பிரதாயம். ஆட்டம் முடிந்து எல்லோரும் போனபின் சுண்ணாம்புக் கோட்டோரமாக நடந்து பாருங்கள்: பல்லால் மூலையைக் கடித்துக் கிழித்த தண்ணீர்ப் பாக்கெட்டுகள் கிடக்கும். அவற்றைப் பொறுக்குவதற்குச் சிலர் வருவார்கள். ஆனால் கடித்துத் துப்பிய அந்தச் சிறு மூலைத்துண்டு, விரல் நகத்தின் அளவே உள்ளது, யாருடைய கண்ணிலும் படாமல் மண்ணோடு மண்ணாகக் கலந்து, முதல் மழையில் ஓடைக்குப் போய்விடும். நூறு பிள்ளைகள் கூடிய விழாவில் நூறு மூலைகள் என்று வைத்துக்கொண்டால், பிரமுகரின் பிரசங்கத்தால் விளைந்த பயன் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்பதைக் கணக்கிடுவது கஷ்டமல்ல. 2022 ஜூலை 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருள்களில் பத்தொன்பது வகைகளை மத்திய அரசு தடை செய்தது. தமிழ்நாடு அதற்கு முன்பே, 2019 ஜனவரி 1 முதல், பதினான்கு வகைகளைத் தடுத்திருந்தது. சட்டம் இருக்கிறது, பேனரும் இருக்கிறது. நடுவில் இருக்கவேண்டிய பழக்கம்தான் உண்டாகவில்லை. பழக்கத்தை உண்டாக்கும் சாதனம் பேச்சன்று, விதி என்பது நமது அபிப்பிராயம். கையால் பந்தைத் தொடக்கூடாது என்று எந்தப் பிள்ளைக்கும் நாம் விழிப்புணர்வு ஊட்டுவதில்லை. தொட்டால் பௌல் என்று விதி சொல்கிறது, பிள்ளை தொடுவதில்லை.

இதை மிகத் தெளிவாகக் கண்டுகொண்டவர்கள் கென்யாவின் தலைநகரான நைரோபியில், மத்தாரே என்னும் குடிசைப் பள்ளத்தாக்கில் வேலை செய்தவர்கள். 1987ஆம் வருஷம் கனடா நாட்டவரான பாப் மன்ரோ அங்கே தொடங்கிவைத்த இளைஞர் விளையாட்டுச் சங்கம், தனது லீக் ஆட்டங்களின் புள்ளிப் பட்டியலிலேயே துப்புரவுப் பணியையும் சேர்த்தது: வாரக் கடைசியில் ஒரு குழு தன் தெருவின் சாக்கடையைத் திறந்து, குப்பையை அள்ளி முடித்தால், அதற்கு ஆறு புள்ளி. எவ்வளவு கோல் போட்டாலும் தெருவைத் தொடாத குழு பட்டியலில் மேலே வருவது கடினம். பிற்காலத்தில் பெண்களுக்கும் லீக் ஏற்பட்டது; அச்சங்கத்திலிருந்து பிறந்த மத்தாரே யுனைடெட் என்ற கழகம் 2008இல் கென்யாவின் முதன்மை லீக்கையே வென்றது. சாக்கடை அள்ளினால் ஆட்டம் கெட்டுவிடும் என்று அஞ்சுகிற பயிற்சியாளர்களுக்கு இந்தக் கடைசிச் செய்தி ஆறுதலாக இருக்கட்டும்.

ஆயினும் மத்தாரேயின் ஏற்பாட்டை அப்படியே பெயர்த்தெடுத்து நமது கிராமங்களில் நட்டுவிடலாம் என்று எண்ணுவது பெரும் பிழையாகும். இவ்விஷயத்தில் நாம் சற்று விஸ்தாரமாகவே பேசவேண்டியிருக்கிறது. குப்பை நம் தேசத்தில் வெறும் குப்பையன்று. அதை யார் தொடுவது என்பது பிறப்பிலேயே நிர்ணயமாகிவிடுகிற ஒரு சமூகத்தில், ‘இன்று எல்லோரும் சேர்ந்து மைதானத்தைச் சுத்தம் செய்வோம்’ என்று ஆசிரியர் அறிவித்தவுடனே, சாக்கை எந்தப் பிள்ளைகள் எடுக்கின்றன, விளக்குமாற்றை எந்தப் பிள்ளைகள் எடுக்கின்றன, படம் பிடிக்கும்போது முன்னால் வந்து நிற்கிற பிள்ளைகள் எவை என்பதைக் கவனித்தவர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மலம் அள்ளும் தொழிலில் மனிதரை அமர்த்துவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் மறுபடியும் கடுமையாக இயற்றப்பட்டும், அந்த வழக்கத்தின் நிழல் பள்ளிக்கூடத்துக் கழிப்பறை வரையில் நீண்டிருக்கிறது என்பது இத்தொழிலில் இருக்கும் நம் அனைவருக்கும் தெரிந்த ரகசியம். காலனிப் பிள்ளைகளைக் கால்பந்துக்கு அழைத்து, அழைத்த கையோடு அவர்களிடம் குப்பைக் கூடையைக் கொடுப்பது சேவையன்று. தலைமுறை தலைமுறையாகச் சுமத்திய பாரத்துக்கு ஒரு ஜெர்ஸி மாட்டிவிடுவதே ஆகும்.

ஆகையால் விதியின் முதல் எழுத்து இப்படி இருக்கவேண்டும்: குழு கலந்ததாயிருந்தால்தான் புள்ளி, கலந்த குழுவிலும் கூடை சுமந்தவர் யார், கோல் போட்டவர் யார் என்ற இரண்டு ஜாபிதாக்களும் எழுதப்பட்டு, முதல் ஜாபிதாவில் ஊராட்சித் தலைவர் வீட்டுப் பிள்ளையின் பெயர் இல்லையென்றால் அந்த வாரத்துப் புள்ளி ரத்து. உடைந்த கண்ணாடி, ஊசி, தீட்டுத்துணி ஆகியவற்றைப் பிள்ளைகள் தொடவே கூடாது. அவற்றை அகற்றுவது உள்ளாட்சியின் கடமை, அதற்கு மனு எழுதிக் கொடுத்துப் பின்தொடர்வதையே ஒரு பணியாகக் கணக்கிட்டுப் புள்ளி தரலாம். 2016ஆம் வருஷத்துத் திடக்கழிவு விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டிலுள்ள அபாயக் குப்பை என்று மூவகையாகப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பைக் குப்பையை உண்டாக்குகிறவர்மேல் வைத்தன. அந்தப் பொறுப்பைப் பொறுக்குகிற பிள்ளையின்மேல் மாற்றிவிடுவதற்கு நமக்கு அதிகாரமில்லை.

கலந்த குழு என்பதும் சொல்லுக்குச் சுலபம், நடத்துவதற்குக் கடினம். கொலம்பியாவில் ஆந்த்ரேஸ் எஸ்கோபார் என்ற ஆட்டக்காரர், 1994 உலகக் கோப்பையில் தற்செயலாகத் தன் அணியின் கோலுக்குள்ளேயே பந்தை அடித்துவிட்டு ஊர் திரும்பிய சில நாட்களில் சுட்டுக் கொல்லப்பட்ட துக்கத்திலிருந்து பிறந்த மெதெய்யின் நகரத்து ஆட்டமுறையில், முதல் கோலைப் பெண்தான் போடவேண்டும் என்று விதித்தார்கள், நடுவர் கிடையாது, ஆட்டத்துக்கு முன் இரு குழுவும் உட்கார்ந்து அன்றைய விதிகளைப் பேசி முடிவு செய்து, ஆட்டத்துக்குப் பின் மறுபடியும் உட்கார்ந்து, யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்று பேசிப் புள்ளியிட்டார்கள். ‘பெண் பிள்ளைகளுக்குப் பந்தைக் கொடுங்கள்’ என்று ஒரு வருஷம் கத்துவதால் வராத பயன் அந்த ஒரு விதியால் வந்துவிடுகிறது. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் இயக்கத்தாரின் ஐவர் கால்பந்தில், அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர் மூவரும் இல்லாதவர் இருவரும் ஒரே அணியாக ஆடுகிறார்கள். பார்வையற்றோர் ஆட்டத்தில் பந்துக்குள் ஒலிக்கும் மணிகள் இருக்க, பார்வையாளர்கள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். இவையெல்லாம் இருந்தும், நம் பக்கத்தில் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையைக் கோட்டோரத்தில் புள்ளி எழுத உட்காரவைத்துவிட்டு, ‘அனைவரையும் உள்ளடக்கிய விளையாட்டு’ என்று அறிக்கை எழுதி அனுப்புகிற வழக்கம் மாறவில்லை. நாமே எழுதிய அத்தகைய அறிக்கைகளை இனிமேல் இவ்விதழில் வெளியிடுவதாக இல்லை.

தூரதேசத்து உதாரணங்கள் போதும் என்பவர்கள் அனந்தபுரத்தைப் பார்க்கலாம். வின்சென்ட் பெரர் 1969இல் அங்கே வந்து நிலைபெற்று நிறுவிய கிராம வளர்ச்சி ஸ்தாபனம், ராயலசீமையின் மிக வறண்ட பகுதியில் மழைநீரைத் தேக்கவும் மரம் வளர்க்கவும் பாடுபட்டதோடு, பெரியதொரு விளையாட்டு வளாகத்தையும் கட்டிக் கிராமத்துப் பெண் பிள்ளைகளையும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளையும் மைதானத்துக்குக் கொண்டுவந்தது. ஒரே கூரையின்கீழ் நீரும் பந்தும் இருக்கும் இடம் அது. கார்வேட்டிநகரத்திலிருந்து எட்டாத தூரமுமன்று. இரண்டையும் ஒரே புள்ளிப் பட்டியலில் கோத்துப் பார்ப்பதற்கு அதைவிடத் தகுந்த மண் நமக்குத் தெரிந்து தென்னாட்டில் இல்லை.

மைதானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. திருப்பதியிலும் சென்னையிலும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் செயற்கைப் புல்தரைகள் பெருகிவருகின்றன. அவற்றில் பலவற்றில் புல்லிழைகளுக்கிடையே தூவப்படும் ரப்பர்த் துகள்கள் காலணியோடு ஒட்டிக்கொண்டும் மழையோடு வழிந்தும் வெளியேறுகின்றன என்று கண்டு, ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் அவற்றின் விற்பனையை எட்டு வருஷ அவகாசத்துக்குப் பின் நிறுத்த விதி செய்திருக்கிறது. வெயிலில் அத்தரை எப்படிக் கொதிக்கும் என்பதைச் சித்தூர்ச் சீமையின் மே மாதம் அறிந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. காசு கொடுத்தவன் மட்டும் நுழையும் அந்த வலைக்கூண்டிலே சுற்றுச்சூழல் பாடம் நடத்துவதைவிட, கோடையில் வற்றிக் கிடக்கும் ஏரியின் ஓரத்து மண்ணில் நடத்துவது மேல். சீமைக்கருவேலம் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது, வரத்துக்கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது என்பதெல்லாம் அங்கே கண்ணெதிரே கிடக்கும். ஐப்பசி மழையில் ஏரி தன் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அந்த மழைக்காலம் முழுவதும் ஆட்டம் இல்லை என்பதையும் லீக்கின் விதியாகவே எழுதிவிடலாம்.

கார்வேட்டிநகரத்தில் இப்படியொரு லீக் தொடங்குவதானால் நாம் யோசனையாகக் கூறுவது இது. வெற்றிக்கு மூன்று புள்ளி என்றால் ஓடைப் பணிக்கு அதற்குக் குறையாத புள்ளி. குறைத்தால் பலமுள்ள குழு அதைச் சட்டை செய்யாது. மரக்கன்றுக்கு நட்ட அன்று ஒன்றும் கிடையாது, அடுத்த கோடை கழிந்து உயிரோடு நின்றால்தான் புள்ளி. குடிதண்ணீர் பானையிலோ எவர்சில்வர் டிரம்மிலோ வரவேண்டும். மைதானத்தில் பாக்கெட் ஒன்று அகப்பட்டால் அதை வரவழைத்த குழுவின்மேல் பௌல். ஒரு குழுவின் பணியை எதிர்க்குழு போய்ப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். எதிரியைப்போல் கண்டிப்பான தணிக்கையாளர் கிடைக்கமாட்டார். பேச்சு தமிழிலும் தெலுங்கிலும் இருக்கட்டும். அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு இரண்டும் வரும்.

பள்ளிப்பட்டு, நகரி, புத்தூர், திருத்தணிப் பக்கத்து உடற்கல்வி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: எல்லையின் இரு பக்கத்துப் பள்ளிகளும் சேர்ந்து ஆடுவதற்கான விதிகளை உங்கள் அனுபவத்தைக்கொண்டு எழுதி, மழைக்காலம் தொடங்குமுன் இவ்விதழுக்கு அனுப்புங்கள். விதிகளை மட்டும் அனுப்புங்கள். விழாப் படங்கள் வேண்டாம்.