பழையது வேறு, பழுது வேறு

"இது இனித் தேறாது தம்பி. புதுசா ஒண்ணு வாங்கிடுங்க."

கடைக்காரர் எளிதாகச் சொல்லிவிட்டார். உடன் வந்த அப்பா ஒன்றும் பேசவில்லை. விசைத்தறிக் கூலியில் அது எத்தனை மாதம் என்று அவர் மனத்துள் கணக்கிடுவது மட்டும் எனக்குத் தெரிந்தது.

அந்த மடிக்கணினி, 2013-இல் பிளஸ் டூ படித்த என் பெரியம்மா மகனுக்கு அரசு விலையின்றி வழங்கியது. அண்ணன் திருப்பூருக்கு வேலைக்குப் போனபின் என்னிடம் வந்தது. அண்மையில் வீட்டிற்கு இணைய இணைப்பு வாங்கினோம். கைப்பேசிகளுக்குத் தெரிந்த வைஃபை, இதற்கு மட்டும் தெரியவில்லை.

நான் இயற்பியல் மாணவன். ஆய்வகத்தில் நாம் கற்பது என்ன? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்பதுதானே! அதையே வீட்டிலும் செய்தேன். கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை 2.4 கிகாஹெர்ட்ஸில் வைத்தேன். மடிக்கணினி உடனே இணைந்தது. ஆகவே குறை அதனிடம் இல்லை. ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே இயங்கியது. பழைய மடிக்கணினிகள் பலவும் 2.4-ஐ மட்டுமே அறியும். அதையும் இயக்கினேன், வைஃபையின் பெயர் தெரிந்தது. ஆனால் சேர மறுத்தது. பாதுகாப்பு முறை, 2018-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 ஆக இருந்தது. 2004-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2-க்கு மாற்றினேன், சேர்ந்தது. அப்போதும் இணையப் பக்கங்கள் திறக்கவில்லை! திரையின் மூலையில் பார்த்தால், ஆண்டு 2012. உள்ளிருக்கும் சிறு பாட்டரி தீர்ந்திருந்தது. தேதி பின்னே போனால், இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று கணினி எண்ணிவிடும். பாட்டரி மாற்றியதோடு சரி. புதுக் கணினிக்குத் தேவையே எழவில்லை.

புதியதை வெறுக்கச் சொல்லவில்லை. பாதுகாப்பை எல்லையின்றித் தளர்த்துவதும் தவறு. எளிதில் உடைபடும் பழைய டபிள்யூ.இ.பி. முறைக்கு இறங்கவே கூடாது. ஆனால் புதிய ரௌட்டருக்குப் பழைய மொழியும் தெரியும். பேசச் சொல்வதற்குத்தான் ஆள் வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். முதலாண்டில் ஆங்கிலத்தில் நடந்த பாடம் காதில் விழுந்தும் மனத்தில் ஏறாமல் தவித்தேன். 'நமக்கு இது தேறாது' என்றே எண்ணியிருந்தேன். ஒருநாள் பேராசிரியர் அதையே தமிழில் ஒருமுறை விளக்கினார். பிடித்துக்கொண்டேன். பழுது என்னிடம் இல்லை என்பதை அன்றுதான் அறிந்தேன்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டுப் பரணில் இத்தகைய மடிக்கணினி ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். வாரம் ஒரு மாலை, நம் ஆய்வகத்தில் கூடி அவற்றைச் சோதித்தால் என்ன? தேறாது என்று தீர்ப்புச் சொல்லுமுன், எது தடுக்கிறது என்று தேடுவோம். அறிவியல் படித்ததன் பயன் அதுவே என்பது என் தாழ்மையான கருத்து.

— இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் இயற்பியல்